நச்சு உலோகங்களும் பயிர்களின் ஊட்டச்சத்தும்: ஆஸ்திரேலியா காட்டும் பாடம்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள மக்குவாரி பல்கலைக்கழகம், வீட்டுத் தோட்டங்களின் மண்ணைப் பரிசோதித்துத் தரும் 'வெஜ்சேஃப்' என்ற திட்டத்தை 2013ஆம் ஆண்டு ஆரம்பித்தது. பொதுமக்கள் தமது தோட்டத்து மண்ணைச் சிறிது எடுத்து அனுப்பினால், அதில் ஈயம், ஆர்சனிக், காட்மியம் போன்றவை எவ்வளவு இருக்கின்றன என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

நாடெங்கிலும் 3,600க்கும் மேற்பட்ட வீடுகளிலிருந்து வந்த 17 ஆயிரத்துக்கும் அதிகமான மண் மாதிரிகளின் முடிவுகளைப் பேராசிரியர் மார்க் டெய்லர் தலைமையிலான குழு 2021ல் வெளியிட்டது. அவற்றில் சுமார் 35 சதவீதமான வீடுகளின் மண்ணில், குடியிருப்புப் பகுதிகளுக்கென ஆஸ்திரேலியா வகுத்துள்ள வரம்பான கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்பதைவிட அதிகமாக ஈயம் இருந்தது.

மண் பரிசோதனைக்குத் தாமாக முன்வந்தவர்களின் வீடுகள் இவை என்பதால், எல்லா வீடுகளுக்கும் இந்த விகிதம் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உலகின் மிகத் தூய்மையான நகரங்கள் என்று பெயர் பெற்றவற்றிலும் காலடி மண் தூய்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை இந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

கீரையும் முருங்கையும் கறிவேப்பிலையும் வீட்டின் பின்புறத்தில் வளர்ப்பதை வழக்கமாகக் கொண்ட தமிழ்க் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவர்களுக்கு மட்டுமன்றி, தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் விளைநிலம் கெட்டுப்போன பாலாற்றங்கரை விவசாயிகளுக்கும் இது தொடர்புடைய விடயம்.

மண்ணில் சேர்ந்துவிட்ட உலோகத்தை முற்றாக அகற்றுவது பெரும் செலவு பிடிக்கும் வேலை. அப்படியானால் அந்த மண்ணிலேயே பயிர் வளர்க்க வழி உண்டா? பயிருக்கு நாம் இடும் சத்துக்களைக் கொண்டே உலோகத்தின் பாதிப்பைக் குறைக்க முடியுமா? கடந்த சில பத்தாண்டுகளில் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிய நாடுகளில் ஆஸ்திரேலியா முக்கியமானது.

உலோகம் எவ்வாறு செடியினுள் நுழைகிறது?

தாவரங்களுக்கு இன்றியமையாத மூலகங்கள் 17 என்று தாவரவியல் கூறுகிறது. இவற்றில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன. எஞ்சிய 14 மூலகங்களைச் செடி பெரும்பாலும் வேர் வழியாக மண்ணிலிருந்தே பெறுகிறது.

வேரின் உயிரணுக்களைச் சுற்றியுள்ள சவ்வில், ஒவ்வொரு சத்தையும் உள்ளே அனுமதிப்பதற்கென்று புரதங்களால் ஆன வாயில்கள் உள்ளன. இந்த வாயில்கள் தம்முன் வரும் பொருளை அதன் பருமனையும் மின்னேற்றத்தையும் கொண்டே அடையாளம் காண்கின்றன. இதில்தான் சிக்கல் எழுகிறது. நச்சு உலோகங்கள் பலவும் ஏதாவது ஒரு சத்தின் சாயலைக் கொண்டிருக்கின்றன.

காட்மியம் துத்தநாகத்தைப் போன்றது. இரும்புக்கும் கால்சியத்துக்கும் உரிய வழிகளிலும் அது நுழைந்துவிடும். ஆர்சனேட் எனப்படும் ஆர்சனிக்கின் ஒரு வடிவம் பாஸ்பேட்டை ஒத்தது. ஆர்சனைட் எனப்படும் மற்றொரு வடிவம் சிலிக்கான் செல்லும் பாதையில் செல்கிறது. குரோமியத்தின் மிக நச்சான வடிவமான குரோமேட், சல்பேட்டின் வாயிலைப் பயன்படுத்துகிறது.

ஆகவே, செடிக்குத் தேவையான சத்து குறைவாக இருக்கும் மண்ணில் அதன் சாயலில் இருக்கும் நஞ்சு எளிதாக உள்ளே போகிறது. இரும்புச் சத்துக் குறைந்த செடி, இரும்பை எப்படியாவது பெற்றுவிட வேண்டும் என்பதற்காகத் தனது வேரில் கூடுதலான வாயில்களைத் திறக்கிறது. அவற்றின் வழியாகக் காட்மியமும் கூடுதலாக நுழைகிறது. பசித்திருக்கும் செடியே அதிகம் நஞ்சுண்கிறது என்று இதனைச் சுருக்கமாகக் கூறலாம்.

சத்துக்கள் பாதுகாப்பது எப்படி?

ஊட்டச்சத்துக்கள் உலோகத்தின் பாதிப்பைக் குறைக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது வழி மண்ணிலேயே நடைபெறுகிறது. சுண்ணாம்பு இட்டால் மண்ணின் புளிப்புத் தன்மை குறைந்து, பல உலோகங்கள் நீரில் கரையாத நிலையை அடைகின்றன. பாஸ்பேட் ஈயத்துடன் சேர்ந்து, எளிதில் கரையாத பைரோமார்பைட் என்ற கனிமமாக மாறுகிறது. மண்ணில் ஈயம் அப்படியே இருந்தாலும், அது செடிக்கும் மனிதக் குடலுக்கும் எட்டுவது குறைகிறது.

இரண்டாவது, வேரின் வாசலில் நடக்கும் போட்டி. போதுமான அளவு துத்தநாகம் இருந்தால் காட்மியத்துக்கு இடம் குறைகிறது. சிலிக்கான் நிறைந்திருந்தால் ஆர்சனைட்டுக்கும், சல்பேட் நிறைந்திருந்தால் குரோமேட்டுக்கும் அதே நிலைதான்.

மூன்றாவது வழி செடியின் உள்ளே செயற்படுகிறது. கந்தகச் சத்தைக் கொண்டு செடி குளுட்டாதயோன் என்ற பொருளைத் தயாரிக்கிறது. அதிலிருந்து பைட்டோகெலேட்டின் எனப்படும் சிறு சங்கிலிகள் உருவாகின்றன. காட்மியத்தையும் ஆர்சனிக்கையும் இவை பிடித்துக் கட்டி, உயிரணுவின் நடுவிலுள்ள வெற்றறைக்குள் அடைத்துவிடுகின்றன. நஞ்சு செடியினுள் இருக்கும், ஆனால் உயிர்வேதியியல் வேலைகள் நடக்கும் இடத்தில் இருக்காது. துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம் போன்ற சத்துக்கள், உலோகத் தாக்கத்தால் உயிரணுக்களில் உண்டாகும் சிதைவை எதிர்கொள்ளும் நொதிகளுக்குத் தேவையாக உள்ளன.

சூப்பர்பாஸ்பேட்டின் மறுபக்கம்

ஆஸ்திரேலிய மண் மிகப் பழைமையானது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் சத்துக்களை இழந்த அந்த மண்ணில் பாஸ்பரஸ் மிகவும் குறைவு. ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்த கோதுமையும் புல்வகைகளும் அந்த மண்ணில் செழிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து சூப்பர்பாஸ்பேட் உரம் அந்நாட்டு வேளாண்மையின் முதுகெலும்பானது.

அந்த உரத்துக்கான பாறை பசிபிக் பெருங்கடலின் நவ்ரு, பனாபா தீவுகளிலிருந்தும், இந்துமாக்கடலின் கிறிஸ்துமஸ் தீவிலிருந்தும் வந்தது. நவ்ருவின் பாஸ்பேட்டை ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் 1919ஆம் ஆண்டின் உடன்பாட்டின் கீழ்க் கூட்டாக நிர்வகித்தன. வெறும் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவின் பெரும்பகுதி தோண்டப்பட்டுப் பாழானது. 1968ல் சுதந்திரம் பெற்ற நவ்ரு, 1989ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1993ல் 107 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டுடன் அந்த வழக்கு சமரசமாக முடிந்தது.

ஆனால் அந்தத் தீவுகளின் பாறை ஆஸ்திரேலிய வயல்களுக்குப் பாஸ்பரசை மட்டும் கொண்டுவரவில்லை. இயற்கையாகவே அதில் கலந்திருந்த காட்மியமும் உடன் வந்தது. ஆண்டுதோறும் இடப்பட்ட உரத்தின் மூலம் அது சிறிது சிறிதாக மண்ணில் சேர்ந்தது.

மனித உடலில் காட்மியம் முக்கியமாகச் சிறுநீரகத்தில் தங்குகிறது. ஒருமுறை சேர்ந்தது பாதியாகக் குறைவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகலாம். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில், சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியை உண்ட மக்களுக்கு எலும்புகள் நொறுங்கும் 'இத்தாய் இத்தாய்' நோய் ஏற்பட்டது. காட்மியமே அதற்குக் காரணம் என்று ஜப்பானிய அரசு 1968ல் ஏற்றுக்கொண்டது.

ஆஸ்திரேலியாவில் நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை. எனினும் உருளைக்கிழங்கு, கோதுமை, ஆட்டின் சிறுநீரகம் போன்றவற்றில் காட்மியம் வரம்பைத் தொடுவது 1980களிலும் 1990களிலும் கவலையை ஏற்படுத்தியது. தானியத்தையும் இறைச்சியையும் ஏற்றுமதி செய்து வாழும் நாட்டுக்கு இது உடல்நலப் பிரச்சினையாக மட்டுமன்றி வர்த்தகப் பிரச்சினையாகவும் இருந்தது.

ஐந்து கிலோ துத்தநாகம்

இந்தச் சூழலில்தான் தெற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களில் ஓர் எளிய சோதனை நடத்தப்பட்டது. அங்குள்ள பல வயல்களில் துத்தநாகச் சத்துப் பற்றாக்குறை இருப்பது முன்னரே தெரிந்த விடயம். விதைக்கும் போது ஹெக்டேருக்கு ஐந்து கிலோ வரையான சிறிய அளவில் துத்தநாகத்தை இட்ட ஆய்வாளர்கள், விளைந்த கோதுமை மணியில் காட்மியத்தின் அளவு 50 சதவீதம் வரை குறைந்திருப்பதைக் கண்டார்கள். இந்த முடிவு 1994ல் வெளியானது.

மண்ணிலிருந்த காட்மியத்தில் ஒரு துகள்கூட அகற்றப்படவில்லை. செடியின் துத்தநாகப் பசி தீர்க்கப்பட்டது, அவ்வளவுதான். விவசாயிக்கோ விளைச்சல் அதிகரிப்பு என்ற இரண்டாவது பயனும் கிடைத்தது.

அதே காலத்தில், உருளைக்கிழங்கை ஆராய்ந்த மைக் மெக்லாக்லின் உள்ளிட்ட சிஎஸ்ஐஆர்ஓ விஞ்ஞானிகள் எதிர்பாராத ஒரு காரணியைக் கண்டறிந்தார்கள். மண்ணில் உள்ள காட்மியத்தின் அளவைவிட, பாசன நீரின் உவர்ப்பே கிழங்கில் சேரும் காட்மியத்துடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. உப்பிலுள்ள குளோரைடு, மண் துகள்களில் ஒட்டியிருக்கும் காட்மியத்தை இளக்கி வேருக்கு எடுத்துச் செல்வதே இதற்குக் காரணம்.

இதனால் எந்தச் சத்தை இடுகிறோம் என்பதுடன், அது எந்த வடிவில் இடப்படுகிறது என்பதும் முக்கியமாகிறது. பொட்டாசியத்தைக் குளோரைடு வடிவில் இடுவதற்கும் சல்பேட் வடிவில் இடுவதற்கும், காட்மியம் உள்ள நிலத்தில் வேறுபாடு உண்டு.

அரசும் தன் பங்குக்குச் செயற்பட்டது. காட்மியத்தைக் குறைப்பதற்கான தேசிய உத்தி ஒன்று வகுக்கப்பட்டது. பாஸ்பேட் உரங்களில் ஒரு கிலோ பாஸ்பரசுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. காட்மியம் குறைந்த பாறைகளை வேறு நாடுகளிலிருந்து வாங்கும் நிலைக்கு உர உற்பத்தியாளர்கள் வந்தார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து உணவுத் தர விதிகளின்படி கோதுமை, அரிசி, கீரை வகைகள், கிழங்குகள் ஆகியவற்றில் காட்மியத்துக்கான உச்ச வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் ஆகும்.

புளித்த மண்ணும் அலுமினியமும்

பரப்பளவைக் கொண்டு பார்த்தால், ஆஸ்திரேலிய விவசாயிகளின் முதன்மையான உலோக எதிரி காட்மியமோ ஈயமோ அல்ல. அது அலுமினியம்.

எந்த மண்ணிலும் அலுமினியம் ஏராளமாக உண்டு. களிமண்ணில் பிணைந்திருக்கும் வரை அதனால் தீங்கில்லை. மண்ணின் பி.எச். அளவு ஐந்துக்குக் கீழே இறங்கும்போது அது கரைந்து வெளிவருகிறது. கரைந்த அலுமினியம் வேரின் நுனியைத் தாக்கி வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. வேர் ஆழமாகச் செல்லாததால், அடிமண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடுகிறது.

ஆஸ்திரேலியாவின் விவசாய நிலங்களில் ஏறத்தாழ பாதி, அதாவது சுமார் ஐந்து கோடி ஹெக்டேர் நிலத்தின் மேல்மண்ணில் பி.எச். அளவு 5.5 அல்லது அதற்கும் குறைவு என்று 2000களின் தொடக்கத்தில் நடந்த தேசிய மதிப்பீடு தெரிவித்தது. பயறுவகைப் புல்லை வளர்த்துச் சூப்பர்பாஸ்பேட் இட்டு மண்ணை வளப்படுத்திய வேளாண்மை முறையே, காலப்போக்கில் அந்த மண்ணைப் புளிக்கவும் வைத்தது. பயன்படாமல் கீழிறங்கும் நைட்ரேட்டும், அறுவடையில் நிலத்தை விட்டு வெளியேறும் காரச் சத்துக்களும் இதற்குக் காரணங்கள்.

இதற்கான முதல் மருந்து சுண்ணாம்பு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வாகா வாகா நகருக்கு அருகே 1992ல் தொடங்கப்பட்ட நீண்டகாலக் கள ஆய்வு, சுண்ணாம்பைத் தவறாமல் இட்டு வந்தால் புளித்த நிலத்தையும் மீட்கலாம் என்று காட்டியது. ஆனால் மேலே இடும் சுண்ணாம்பு அடிமண்ணை அடைவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இரண்டாவது மருந்து பயிருக்குள்ளேயே இருந்தது. சில கோதுமை ரகங்கள் அலுமினியம் நெருங்கியதும் தமது வேர் நுனியிலிருந்து மாலிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அந்த அமிலம் அலுமினியத்தைக் கட்டிவைத்து நஞ்சற்றதாக்கி விடுகிறது. கான்பெராவில் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தைச் சேர்ந்த இமானுவல் டெல்ஹைஸ், பீட்டர் ரயன் ஆகியோர் 1993ல் இதனை விளக்கினார்கள். ஜப்பானிய ஆய்வாளர்களுடன் இணைந்து, இந்தச் சுரப்புக்குக் காரணமான மரபணு 2004ல் அடையாளம் காணப்பட்டது.

அலுமினியத்தை விரும்பும் பயிரும் உண்டு. தேயிலைச் செடி புளித்த மண்ணில்தான் நன்கு வளரும். அலுமினியத்தை உறிஞ்சி முற்றிய இலைகளில் சேர்த்துவைக்கும். இலங்கையின் மலையகத்திலும் நீலகிரியிலும் தேயிலை செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோதுமைக்கு நஞ்சாக இருப்பது தேயிலைக்குத் துணையாகிறது. ஆகவே நச்சுத் தன்மை என்பது உலோகத்தை மட்டும் பொறுத்ததல்ல, அதை எதிர்கொள்ளும் செடியையும் பொறுத்தது.

நகரத் தோட்டங்களில் ஈயம்

சிட்னியிலும் மெல்பர்னிலும் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போருக்குப் பிரதான பிரச்சினை ஈயம். அது இரண்டு வழிகளில் மண்ணை அடைந்தது. ஒன்று, பழைய வீடுகளுக்குப் பூசப்பட்ட வண்ணப்பூச்சு. 1970க்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகளில் ஈயம் மிகுந்த பூச்சு இருக்க வாய்ப்புண்டு. மற்றது, வாகனப் புகை. ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை 2002 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் முடிவுக்கு வந்தது. புகை நின்றுவிட்டது, மண்ணில் படிந்தது நிற்கிறது.

நகர மையத்துக்கு அருகிலுள்ள, வண்ணம் பூசப்பட்ட பழைய வீடுகளே அதிக ஆபத்துக்கு உரியவை என்று வெஜ்சேஃப் ஆய்வு கூறியது. தமிழர்கள் செறிந்து வாழும் சிட்னியின் மேற்குப் புறநகர்களிலும் மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர்களிலும் பிற்காலத்தில் கட்டப்பட்ட வீடுகள் அதிகம். அங்கு ஈயம் பொதுவாகக் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அத்துடன் கவலை தீர்ந்துவிடுவதில்லை.

புறநகரக் குடியிருப்புகள் சில, முன்னாள் பழத்தோட்ட நிலங்களில் எழுந்தவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆப்பிள் போன்ற பழமரங்களுக்கு லெட் ஆர்சனேட் என்ற பூச்சிகொல்லி பல நாடுகளில் தெளிக்கப்பட்டது. அதில் ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்தே உள்ளன. மேலும், பாத்தி கட்டப் பயன்படும் பழைய மரப்பலகைகள் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த கரைசலில் ஊறவைக்கப்பட்டவையாக இருக்கலாம். வீட்டுத் தளம், விளையாட்டுச் சாதனங்கள் போன்றவற்றில் இத்தகைய மரத்தைப் பயன்படுத்துவது 2006ல் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முந்திய மரங்கள் இன்னமும் பல வீடுகளில் உள்ளன.

ஈயத்தைப் பொறுத்தவரை செடிகள் அதனை மிகக் குறைவாகவே மேலே கொண்டுசெல்கின்றன. தக்காளி, அவரை, பயற்றங்காய் போன்ற காய்களில் அது அரிது. கீரையின் இலைகளில் ஒட்டும் மண்ணும், கிழங்கின் தோலில் ஒட்டும் மண்ணும், குழந்தைகளின் கைவழியாக வாய்க்குச் செல்லும் தூசியுமே பெரிய ஆபத்து. குழந்தையின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் காணப்பட்டால் அதன் மூலத்தைக் கண்டறிய வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் 2015ல் பரிந்துரைத்தது.

பாஸ்பேட்: உதவியும் சிக்கலும்

ஈயம் உள்ள மண்ணில் பாஸ்பேட் இடுவது பயன்தரும் என்று முன்னர் கண்டோம். இந்தத் துறையில் அதிகம் எழுதியவர்களில் நந்தி போலன், ரவி நாயுடு ஆகிய இரு மண்ணியல் அறிஞர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். இருவரும் ஆஸ்திரேலியாவிலிருந்து பணியாற்றியவர்கள். உலோகங்களை மண்ணில் அசையாது நிறுத்துவதிலும், சில வேளைகளில் அசையவைப்பதிலும் பாஸ்பரசுக்கு உள்ள பங்கினை அவர்கள் 2003ல் வெளியான விரிவான கட்டுரையொன்றில் தொகுத்துத் தந்தார்கள்.

'சில வேளைகளில் அசையவைப்பது' என்பதுதான் கவனத்துக்குரியது. மண்ணில் ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை. பாஸ்பேட் மிகுந்தால் மண் துகளில் ஒட்டியிருந்த ஆர்சனேட் பிரிந்து நீரில் கலக்கக்கூடும். ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்திருக்கும் பழைய பழத்தோட்ட மண்ணில் பாஸ்பேட்டைக் கொட்டினால், ஈயம் கட்டுப்பட்டு ஆர்சனிக் விடுபடும் அபாயம் உண்டு.

மேலும், அதிகப்படியான பாஸ்பேட் மழைநீருடன் ஆறுகளைச் சென்றடைகிறது. 1991ன் இறுதியில் பார்வன், டார்லிங் ஆறுகளில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்கு நச்சு நீலப்பச்சைப் பாசி படர்ந்ததை ஆஸ்திரேலியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வறண்டு தேங்கிய ஆற்றில் சேர்ந்திருந்த பாஸ்பரஸ் அதற்கான காரணங்களில் ஒன்று.

நெல்லுக்குச் சிலிக்கான் தரும் பாதுகாப்பும் இதே வகையில் இருபக்கம் கொண்டது. நெல்லின் வேரில் சிலிக்கானுக்குரிய வாயிலை ஜப்பானின் ஜியான் ஃபெங் மா தலைமையிலான குழு 2006ல் கண்டறிந்தது. அதே வாயில் வழியாகவே ஆர்சனைட்டும் நுழைகிறது என்பது 2008ல் தெரியவந்தது. வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரால் நெல் பயிரிடப்படும் நிலையில், வைக்கோலையும் உமியையும் வயலுக்கே திருப்பியளித்துச் சிலிக்கானைப் பெருக்குவது ஒரு வழியாகக் கருதப்படுகிறது. ஆனால் ஆர்சனிக் ஏறிய வைக்கோலையே திருப்பி இட்டால் நஞ்சும் திரும்பிவிடும். பெரும்பாலான ஆர்சனிக் வைக்கோலில் தங்குவதால், உமியே மேலானது என்ற கருத்து உண்டு.

பாலாற்றங்கரையில் ஆஸ்திரேலியர்கள்

இந்த அறிவியலுக்குத் தமிழ்நாட்டுடன் நேரடித் தொடர்பு உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வெளியேற்றிய குரோமியமும் உப்பும் பாலாற்றுப் படுகையின் மண்ணையும் கிணறுகளையும் கெடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35 ஆயிரம் ஹெக்டேர் விவசாய நிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்று அதில் குறிப்பிடப்பட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வலுப்பெற்றது அந்தத் தீர்ப்பினால்தான்.

இதனைத் தொடர்ந்து, ஆஸ்திரேலிய சர்வதேச வேளாண் ஆய்வு மையத்தின் ஆதரவில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் இணைந்து இந்த மண்ணை ஆராய்ந்தார்கள். 1998ல் கோயம்புத்தூரில் அவர்களது கருத்தரங்கு நடைபெற்றது.

குரோமியத்தைப் பொறுத்தவரை அதன் வடிவமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மூவிணைதிறன் குரோமியம் எளிதில் கரையாதது, நச்சும் குறைவு. ஆறிணைதிறன் குரோமியம் எளிதில் நகரும், கடும் நஞ்சு. தொழுவுரம் போன்ற கரிமப் பொருட்கள் இரண்டாவதை முதலாவதாக மாற்ற உதவுகின்றன. ஆகவே நம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக இட்டுவந்த எருவுக்கு, அவர்கள் அறியாத இந்தப் பயனும் இருக்கிறது.

ஆனால் பாலாற்று மண்ணில் உள்ள சோடியம் உப்பை எரு மட்டும் நீக்கிவிடாது. அதற்கு ஜிப்சம் வேண்டும், கழுவி வெளியேற்ற நல்ல நீரும் வேண்டும். அந்த நீர்தான் அங்கு அரிதாகிவிட்டது. தீர்ப்பு வந்து ஏறத்தாழ மூன்று தசாப்தங்களுக்குப் பின்னர், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே வேலூர் மாசு பிரச்சினையில் மீண்டும் தீர்ப்பு வழங்க நேர்ந்தது.

வீட்டுத் தோட்டக்காரர் செய்யக்கூடியவை

முதலில் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். கண்ணுக்கும் மூக்குக்கும் ஈயம் புலப்படாது. சிட்னியின் முயற்சியைத் தொடர்ந்து, விக்டோரியா மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையமும் 'கார்டன்சேஃப்' என்ற பெயரில் மண் பரிசோதனைத் திட்டமொன்றை நடத்தியது. எந்த உலோகம் இருக்கிறது என்று தெரியாமல் எந்தச் சத்தை இடுவது என்று முடிவு செய்ய முடியாது.

மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு இட்டு நடுநிலைக்கு அருகே கொண்டுவரலாம். அளவு மீறினால் துத்தநாகமும் இரும்பும் செடிக்குக் கிடைக்காமல் போய், பசித்த செடி என்ற பழைய பிரச்சினை திரும்பும். மட்கிய உரம் உலோகங்களைப் பிடித்துவைக்கும், மண்ணை மூடித் தூசியையும் குறைக்கும். அந்த உரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்டு வாங்குவது நல்லது. துத்தநாக உரம் தேவையென்றால், தொழிற்சாலைக் கழிவிலிருந்து தயாரான மலிவு வகைகளில் காட்மியமே கலந்திருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஈயம் வரம்பைக் கடந்த தோட்டத்தில் கீரையையும் கிழங்கையும் தவிர்த்து, காய் தரும் கொடிகளை வளர்க்கலாம். கீரைதான் வேண்டுமென்றால் புதிய மண் நிரப்பிய உயர்ந்த பாத்தியிலோ தொட்டியிலோ வளர்ப்பது பாதுகாப்பானது. பறித்ததை நன்கு கழுவுவதும், கிழங்கின் தோலைச் சீவுவதும், தோட்டத்துக் காலணியை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதும் எந்த உரத்துக்கும் குறையாத பலனைத் தரும்.

அறிவியலின் எல்லை

ஊட்டச்சத்துக்கள் உலோகத்தை அழிப்பதில்லை. அவை அதனை உறங்கவைக்கின்றன. மண் மீண்டும் புளித்தாலோ, உவர்நீர் பாய்ந்தாலோ, உரமிடுவது நின்றாலோ அது விழித்துக்கொள்ளும். ஆகவே இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையல்ல, தலைமுறைகள் தொடரவேண்டிய பராமரிப்பு.

அந்தப் பராமரிப்பின் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு மண்ணியல் விடை தராது. ஆஸ்திரேலியாவில் உரத்துக்கு வரம்பு விதித்தது அரசு, அதன்படி பாறையை மாற்றியது தொழில்துறை. ஐந்து கிலோ துத்தநாகம் இட வேண்டிய விவசாயிக்கு விளைச்சலே அதற்கான விலையைத் திருப்பித் தந்தது. நகரத் தோட்டங்களில், முன்பு வாழ்ந்தவர்கள் பூசிய வண்ணத்துக்கான விலையை இன்று வீடு வாங்கியவர்கள் தருகிறார்கள். பாலாற்றங்கரையிலோ, மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியும், எருவையும் ஜிப்சத்தையும் சுமப்பது பெரும்பாலும் நிலத்தை இழந்த விவசாயிதான்.

செடிக்கு எந்தச் சத்து, எந்த வடிவில், எவ்வளவு தேவை என்பது இன்று பெரிதும் தெரிந்துவிட்டது. அந்த அறிவு பலன் தருவதற்கு, புதிய உலோகம் மண்ணில் சேராமல் தடுக்கும் சட்டமும், அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் உறுதியும் அவசியம். ஒரு கையால் நஞ்சைக் கொட்டிக்கொண்டே மறு கையால் சத்தை இடுவதால் எந்த மண்ணும் மீளப்போவதில்லை.